சென்சாரை எங்கே வைப்பது? வடசென்னைக் காற்றுக்கு ஒரு கணக்கு

(வடசென்னையில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில், கருவிகள் துறையில் பணிபுரியும் பொறியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று இந்தக் கரையோரம் முழுக்க இருந்து வந்திருக்கீங்க. இதைப் பிறகு போனில் படிக்கப்போகிறவங்களுக்கும் சேர்த்தே பேசுறேன்.

முதலில் ஒரு சின்ன வேலை. உங்க போனில் ‘சமீர்’ செயலி இருந்தால் திறங்க. இல்லையென்றால் வீட்டுக்குப் போய் இறக்கிக்கோங்க, காசு கிடையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துகிற செயலி அது. சென்னை என்று தேடினால் ஒரு எண்ணும் ஒரு நிறமும் வரும். பச்சை என்றால் காற்று நல்லா இருக்கு, மஞ்சள் என்றால் சுமார், சிவப்பு என்றால் மிக மோசம். நம்மில் பல பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையை விளையாட விடலாமா, அப்பாவை நடைப்பயிற்சிக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்கிறோம்.

நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த எண்ணைப் பார்க்கும்போது கூடவே ஒரு கேள்வியையும் கேட்டுப் பழகணும். அந்த எண்ணைச் சொல்கிற கருவி எங்கே நிற்குது? என் பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

அந்த டிசம்பர் இரவு

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. மற்றவங்களுக்காகச் சுருக்கமாகச் சொல்றேன்.

கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அப்போது அம்மோனியா கப்பலில் வந்தது. கப்பலில் இருந்து கரைக்குக் கடலுக்கு அடியில் ஒரு குழாய். கப்பல் வருவதற்கு முன்னால் அந்தக் குழாயைக் குளிர்விக்கும் வேலை நடந்தபோது கரைக்கு அருகில் கசிவு ஏற்பட்டது. அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு பிறகு ஆராய்ந்தது. அதே மாதத் தொடக்கத்தில் அடித்த மிக்ஜாம் புயலின் அலைகளால் குழாயை ஒட்டிக் கிடந்த கருங்கற்கள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று அந்தக் குழு சொன்னது. கசிந்த அம்மோனியா 67 டன்னுக்கும் மேல் என்று மதிப்பிட்டது.

அன்றைக்கு மக்களை எழுப்பியது எது? அவங்க மூக்குதான். தூக்கத்தில் கண் எரிந்து, தொண்டை அடைத்து, எழுந்து பார்த்துவிட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தாங்க. நாற்பதுக்கும் மேற்பட்டவங்க மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டாங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசல் அருகே காற்றை அளந்தபோது ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அளவு 400.

யார் மேல் தவறு என்பதை விசாரிக்கத் தீர்ப்பாயம் இருக்கு, வாரியம் இருக்கு. நான் கருவிக்காரன். எனக்கு ஒரு கணக்குதான் முக்கியம். காற்று விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் கடலில் இருந்து வீசுது என்று வைத்துக்கோங்க. மெதுவான காற்றுதான், மணிக்கு 7 கிலோமீட்டர். கரையில் கிளம்பிய வாயு 300 மீட்டர் தள்ளியிருக்கிற வீட்டைத் தொட இரண்டரை நிமிடம் ஆகும். சென்சார் அலைக்கரையில் இருந்து, அது பார்த்தவுடன் சைரன் அடித்தால், அந்த வீட்டுக்காரருக்கு இரண்டரை நிமிடம் கிடைக்கும். அதே சென்சார் வீடுகளுக்குப் பின்னால், சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தால்? வாயு முதலில் வீட்டுக்குள்ள போய், அப்புறம்தான் சென்சாருக்குப் போகும். ஒரே கருவி, ஒரே விலை. ஒரு இடத்தில் அது எச்சரிக்கை கொடுக்குது. இன்னொரு இடத்தில் நடந்து முடிந்ததைப் பதிவு செய்யுது, அவ்வளவுதான்.

இரண்டரை நிமிடம் பெரிய நேரமா என்று கேட்பீங்க. தூங்குகிற இரண்டு பிள்ளைகளை எழுப்பி, ஈரத்துணியை எடுத்து, வெளியே வர அது போதும். அந்த இரண்டரை நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

போனில் தெரிகிற எண் யாருடைய காற்று?

சமீரில் சென்னை நிலையங்களின் பட்டியலைப் பாருங்க. மணலி, மணலி கிராமம், கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி என்று பெயர்கள் இருக்கும். புதிதாகவும் சேரலாம், அதனால் அவ்வப்போது பார்த்துக்கோங்க. வடசென்னைக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தப் பட்டியலில் பாதி நம்ம பக்கம்தான். இவை தொடர்ந்து அளக்கும் நிலையங்கள். இவை தவிர தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டத்தின்கீழ் கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலியில் ஆட்கள் போய் மாதிரி எடுக்கும் நிலையங்களும் உண்டு.

அப்புறம் என்ன குறை? இரண்டு விஷயம் கவனிக்கணும்.

முதல் விஷயம் நேரம். ஆட்கள் போய் மாதிரி எடுக்கும் நிலையங்கள் வாரத்துக்கு இரண்டு நாள், வருஷத்துக்கு 104 நாள் அளக்கும். இந்த வருஷம் போன வருஷத்தைவிடத் தூசு கூடியதா குறைந்ததா என்று தெரிந்துகொள்ள அது நல்ல ஏற்பாடு. நள்ளிரவுக் கசிவைப் பிடிக்க அதை ஏற்படுத்தவில்லை. தொடர்ந்து அளக்கும் நிலையத்திலும், போனில் வரும் காற்றுத் தரக் குறியீடு பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரியில் இருந்து வருவது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு இடத்தில் அரை மணி நேரம் மட்டும் அம்மோனியா 2,000 மைக்ரோகிராம் இருக்குது, மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் 20 தான். 24 மணி நேரச் சராசரி எவ்வளவு வரும்? சுமார் 61. அனுமதித்த அளவு 400. அதாவது ஒரு தெருவே இருமிக்கொண்டு வெளியே ஓடிவந்த நாளில், அம்மோனியாவைப் பொறுத்தவரை செயலி பச்சை நிறம் காட்டக்கூடும். செயலி பொய் சொல்லவில்லை. அதைக் கேட்ட கேள்வி வேற, நமக்கு வேண்டிய பதில் வேற.

இரண்டாவது விஷயம் இடம். 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் மாணவிகளுக்குத் தொண்டை எரிச்சலும் மூச்சுத் திணறலும் வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனாங்க. நடமாடும் கண்காணிப்பு வண்டி வந்து நின்று அளந்தது. நவம்பர் 4 அன்று பள்ளி திறந்தபோது மறுபடியும் சில பிள்ளைகளுக்கு அதே தொந்தரவு. வண்டி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், அது வந்த பிறகு அங்கே இருக்கிற காற்றைத்தான் அளக்க முடியும். முன்பு இருந்த காற்றை எந்தக் கருவியாலும் திரும்பிப் போய் அளக்க முடியாது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒரு சென்சார் இருந்திருந்தால்தான் என்ன வாயு, எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று பேச ஒரு ஆதாரம் கிடைக்கும்.

ஊதுபத்திப் பாடம்

சென்சாரை வைக்கணும் என்று பேச்சு வந்தால் பெரும்பாலும் என்ன செய்வாங்க? வரைபடத்தை எடுத்து, ஆளுக்கு ஒரு வட்டம் போட்டு, “ஒரு வட்டத்துக்கு ஒன்று, ஊர் முழுக்க அடைச்சாச்சு” என்பாங்க. கைப்பேசிக் கோபுரத்துக்கு ஓரளவுக்கு அது சரி. காற்றுக்குச் சரிவராது.

வீட்டில் ஒரு ஊதுபத்தி ஏற்றி ஜன்னல் பக்கம் வைங்க. மின்விசிறியைப் போடுங்க. இரண்டடி தள்ளி ஒரு பக்கம் உட்கார்ந்தவருக்கு வாசனை வராது. எதிர்ப்பக்கம் பத்தடி தள்ளி இருப்பவருக்கு வரும். தூரத்தைவிடத் திசைதான் முக்கியம். புகை வட்டமாகப் பரவாது. காற்று போகும் பக்கம் வால் மாதிரி நீளும். அதனால் ஒரு சென்சார் காவல் காக்கும் பரப்பும் வட்டம் கிடையாது. காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வருதோ அந்தப் பக்கம் நீண்ட ஒரு வால்.

காற்றின் திசையைப் பற்றி மீனவர்களுக்கு நான் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, தெற்கே தென்றல் என்று நமக்குப் பெயரே இருக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கில் இருந்து காற்று வரும். அப்போ கடலிலும் துறைமுகப் பக்கத்திலும் கிளம்புவது ஊருக்குள்ள வரும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று. அப்போ மணலித் தொழிற்சாலைகளில் கிளம்புவது பக்கிங்காம் கால்வாயைத் தாண்டித் திருவொற்றியூர் வழியாகக் கடலுக்குப் போகும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பி உள்ளே அடிக்கும். இரவில் தரை குளிர்ந்து காற்று அசையாமல் நின்றுவிட்டால், வந்த வாடை மேலே கலையாமல் தாழ்வாகவே கிடக்கும். “ராத்திரிதான் சார் நாத்தம் அதிகம்” என்று நீங்க சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, ஆடி மாசத்தில் அருமையாக வேலை செய்கிற ஒரு இடம், கார்த்திகையில் ஒன்றுமே பார்க்காமல் நிற்கலாம். ஒரு சென்சாருக்கு இடம் பார்க்கும்போது குறைந்தது மூன்று கேள்வி கேட்கணும். மேற்குக் காற்றில் இது எதைப் பார்க்கும்? வடகிழக்குக் காற்றில் எதைப் பார்க்கும்? இரவில், காற்றில்லாதபோது எதைப் பார்க்கும்?

எதுக்காக வைக்கிறோம்?

இடம் பார்ப்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு. எதுக்காக வைக்கிறோம்?

ஊரின் பொதுவான காற்றைத் தெரிந்துகொள்ள என்றால், எந்த ஆலைக்கும் சாலைக்கும் ரொம்ப ஒட்டாமல், மக்கள் வாழும் இடத்தில் வைக்கணும்.

ஒரு ஆலை என்ன வெளியேற்றுது என்று பார்க்க என்றால், அதன் புகைபோக்கியில் வைக்கணும். அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களில் தொடர் அளவீட்டுக் கருவி வைக்கச்சொல்லி மத்திய வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. அந்தத் தகவல் வாரியங்களுக்கு நேரடியாகப் போகுது. ஆனால் ஒன்று ஞாபகம் வைங்க. கசிவு புகைபோக்கி வழியாக வராது. குழாய் இணைப்பில், வால்வில், சேமிப்புத் தொட்டியில் வரும். புகைபோக்கிக் கருவிக்கு அது தெரியாது.

ஆபத்தில் மக்களை எழுப்ப என்றால், ஆபத்து வரக்கூடிய இடத்துக்கும் மக்கள் தூங்கும் இடத்துக்கும் நடுவில் வைக்கணும். முடிந்த அளவு ஆபத்துக்குப் பக்கத்தில். எண்ணூர்த் தொழில்நுட்பக் குழுவும் நவீன கண்காணிப்புக் கருவிகளோடு புதிய குழாய் போடணும் என்று பரிந்துரைத்தது. குழாயே முதல் சென்சாராக இருக்கணும் என்பதுதான் அதில் உள்ள யோசனை. அழுத்தம் குறைந்தால் குழாய்க்கு முதலில் தெரியும், அடுத்து கரையில் இருக்கும் சென்சாருக்கு, கடைசியில்தான் நம்ம மூக்குக்குத் தெரியணும்.

இந்த மூன்று வேலையையும் ஒரே கருவி செய்யும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

மூன்று சென்சார், பதினெட்டுத் தெரு

சரி, பணம் அளவாகத்தான் இருக்கும். கருவி மூன்றுதான் கிடைக்குது. நான்கு இடம் இருக்கு. எந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பது? இது காய்கறி வாங்குவது மாதிரிக் கணக்குதான், பயப்படாதீங்க.

உதாரணத்துக்கு, ‘அ’ என்ற இடத்தில் வைத்தால் 10 தெருவுக்குக் காவல். ‘ஆ’ என்ற இடத்தில் வைத்தால் 9 தெரு. ‘இ’ என்ற இடத்தில் 6 தெரு. ‘ஈ’ என்ற இடத்தில் 5 தெரு. பார்த்தவுடனே என்ன தோணும்? பெரிய எண்ணாகப் பார்த்து அ, ஆ, இ மூன்றையும் எடுத்துக்கலாம் என்று தோணும்.

நில்லுங்க. ‘ஆ’ பார்க்கும் 9 தெருவில் 7 தெருவை ‘அ’ ஏற்கெனவே பார்க்குது. புதுசு 2 தான். ‘இ’ பார்க்கும் 6-ல் 3 ஏற்கெனவே ‘அ’ கையில். புதுசு 3. ‘ஈ’ பார்க்கும் 5 தெருவும் வேற யாருமே பார்க்காதவை. அத்தனையும் புதுசு. ஆகவே முதலில் ‘அ’ வைத்தால் 10 தெரு. இரண்டாவதாக ‘ஈ’ வைத்தால் 15. மூன்றாவதாக ‘இ’ வைத்தால் 18. பட்டியலில் இரண்டாவது பெரிய எண்ணாக இருந்த ‘ஆ’ கடைசி வரை வரவே இல்லை.

ஒவ்வொரு முறையும், “இந்தக் கருவி எத்தனை தெருவைப் பார்க்கும்?” என்று கேட்காமல், “இதுவரை யாரும் பார்க்காத எத்தனை தெருவைப் புதுசாகப் பார்க்கும்?” என்று கேட்பதுதான் இந்த முறை. கணிதக்காரர்கள் இதைப் பேராசை முறை என்பாங்க. பெயர்தான் அப்படி, முறை நியாயமானது. ஒவ்வொரு படியிலும் அதிகப் புதுப் பரப்பைத் தரும் இடத்தை எடுத்துக்கொண்டே போனால், அத்தனை கருவியை வைத்துக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பரப்பில் 63 சதவீதத்துக்குக் குறையாது என்று 1978-ல் மூன்று கணித அறிஞர்கள் நிரூபித்தாங்க. அது மோசமான நிலைமையில் கிடைக்கும் உத்தரவாதம். நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே வரும். மாதிரி ஆயிரக்கணக்கில் தெருவும் நூற்றுக்கணக்கில் இடமும் இருந்தாலும் ஒரு சாதாரண கணினி இதைப் போட்டுக் கொடுத்துவிடும்.

இதில் இன்னும் இரண்டு திருத்தம் செய்யணும். ஒன்று, எல்லாத் தெருவும் சமம் இல்லை. பள்ளி இருக்கும் தெரு, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும் தெரு, ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் குப்பம், வெளியேற ஒரே ஒரு வழி இருக்கும் தெரு ஆகியவற்றுக்கு எண்ணிக்கையில் கூடுதல் மதிப்பு கொடுக்கணும். கிடங்குகள் மட்டும் இருக்கும் தெரு ஒன்று என்றால், குப்பத்துத் தெரு மூன்று. இரண்டு, இந்தக் கணக்கை மேற்குக் காற்றுக்குத் தனியாக, வடகிழக்குக் காற்றுக்குத் தனியாகப் போட்டுப் பார்த்து, இரண்டிலும் கைகொடுக்கும் இடங்களைப் பிடிக்கணும்.

மத்திய வாரியத்தின் வழிகாட்டு நெறிமுறையும் மக்கள்தொகையை வைத்து நிலையங்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, தொழிற்சாலைகள் மிகுந்த நகரங்களில் அதைக் கூட்டணும் என்று சொல்லுது. எத்தனை என்பதோடு நிறுத்தாமல் எங்கே என்றும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த எண்ணிக்கைக்குப் பலன்.

என் மொட்டை மாடியில் நடந்த கூத்து

வெளியில் போகும் முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். விலை குறைந்த தூசு சென்சார் ஒன்றை வாங்கி என் மொட்டை மாடியில் மாட்டினேன். தினமும் காலை ஐந்தரைக்கு எண் ஏறும், ஒன்பது மணிக்கு இறங்கும். “ஆகா, கன்டெய்னர் லாரிப் புகையைப் பிடிச்சிட்டோம்” என்று ஒரு வாரம் எல்லாரிடமும் படம் காட்டினேன். என் மனைவிதான் சொன்னாங்க, “லாரி ராத்திரியிலயும்தானே போகுது. கீழே இட்லிக் கடைக்காரர் விறகு அடுப்பு பற்றவைக்கிற நேரம் இது.” போய்ப் பார்த்தேன். அடுப்புப் புகை நேராக என் சென்சாருக்குள்ள வந்துகொண்டிருந்தது. நான் வடசென்னைக் காற்றை அளக்கவில்லை. ஒரு இட்லிக் கடையை அளந்திருக்கிறேன்.

நெறிமுறையைப் படித்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. காற்றை உறிஞ்சும் வாய் தரையில் இருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்கணும். மரத்தில் இருந்து 20 மீட்டராவது தள்ளி இருக்கணும். பக்கத்துக் கட்டடம் கருவியைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தள்ளி இருக்கணும். நான்கு பக்கத்தில் மூன்று பக்கமாவது காற்று தடையில்லாமல் வரணும். பக்கத்தில் உலையோ எரிப்பானோ இருக்கக் கூடாது. இது பெரிய நிலையங்களுக்கான விதி. ஆனால் வீட்டுச் சென்சாருக்கும் இதே புத்திதான்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. விலை குறைந்த தூசு சென்சார், ஒளி சிதறுவதை வைத்துத் தூசை எண்ணுது. ஈரம் அதிகமானால் தூசுத் துகள் தண்ணீரை இழுத்து ஊதிப்போகும், கருவி அதைப் பெரிய தூசு என்று கணக்குப் போடும். மார்கழிப் பனியில் எண் எகிறினால் உடனே ஆலையைக் குற்றம் சொல்லாதீங்க. உப்புக் காற்று மின்சுற்றையும் அரிக்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது அரசு நிலையத்துக்குப் பக்கத்தில் சில நாள் வைத்து, அது சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கணும். சரிபார்க்காத பத்து கருவியைவிடச் சரிபார்த்த இரண்டு கருவிக்கு மதிப்பு அதிகம்.

மற்ற ஊர்களில் எப்படி?

அமெரிக்காவில் ஓக்லாந்து என்று ஒரு துறைமுக நகரம். நம்ம ராயபுரம் மாதிரி கன்டெய்னர் லாரி, கிடங்கு, நடுவில் வீடுகள். கூகுள் தெருப் படம் எடுக்கும் கார்களில் கருவியைக் கட்டித் தெருத்தெருவாகப் பல மாதங்கள் ஓட்டினாங்க. 2017-ல் முடிவு வெளியானது. ஒரே தெருப் பகுதிக்குள்ளேயே சில மாசுகள் 5 முதல் 8 மடங்கு வரை வேறுபட்டன. இந்த முனையில் இருக்கும் வீடும் அந்த முனையில் இருக்கும் வீடும் ஒரே காற்றைச் சுவாசிக்கவில்லை. அப்படி ஓட்டிப் பார்த்த வரைபடம் கையில் இருந்தால், நிரந்தரக் கருவியை எங்கே நடுவது என்று முடிவெடுப்பது சுலபம்.

இன்னொன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு ஒரு விதி கொண்டுவந்தது. ஆலையின் வேலியைச் சுற்றி வரிசையாகச் சிறு குழாய்களை வைத்துப் பென்சீன் அளவைப் பார்க்கணும். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஆலை காரணத்தைத் தேடிச் சரிசெய்யணும். அளவுகள் பொதுமக்கள் பார்வைக்கும் வரும். விலை உயர்ந்த கருவி ஒன்றும் இல்லை, எளிய குழாய்கள்தான். ஆனால் சுற்றிலும் இருக்கு. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றாவது பார்க்கும். அம்மோனியா மாதிரி திடீர் ஆபத்துக்கு அது போதாது, அதற்கு உடனடி அலாரம் வேணும். ஆனாலும் வேலி ஓரத்தில், மக்கள் பக்கம் பார்த்து வைக்கணும் என்ற பாடத்தை நாம் எடுத்துக்கலாம்.

நம்ம ஊரிலேயே ஒரு பாடம் இருக்கு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது கையாள்வதை நிறுத்தச் சொல்லி 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரத்தில் கறுப்புத் தூசு படிந்த மாடிகள் கொஞ்சம் மூச்சு விட்டன. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. மாசு கிளம்பும் இடம் நகர்ந்தால் காவலும் கூடவே நகரணும். ஒரு தடவை நட்ட கருவி அப்படியே இருபது வருஷம் நின்றால், ஆலையும் சாலையும் மாறிய பிறகு அது பழைய ஊரைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

நீங்க என்ன செய்யலாம்?

ஒன்று: செயலியில் ‘சென்னை’ என்ற ஒரே எண்ணோடு நிற்காதீங்க. உங்களுக்குப் பக்கத்து நிலையத்தைத் தேர்ந்தெடுங்க. அது உங்க வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கு, இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்க. காற்று அந்த நிலையத்தைத் தாண்டி உங்களுக்கு வருது என்றால் அந்த எண்ணை நம்பலாம். வேற பக்கத்தில் இருந்து வருது என்றால், அந்த எண் உங்க தெருவைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை.

இரண்டு: நாற்றம் வந்தால் எழுதி வைங்க. தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, காற்று எந்தப் பக்கம், என்ன மாதிரி வாடை. அழுகிய முட்டையா, மூத்திர நெடியா, கேஸ் வாடையா? கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுதோ அதுதான் உங்க திசைகாட்டி. ஒரு தெருவில் பத்து வீடு மூன்று மாதம் இப்படிக் குறித்தால், அடுத்த சென்சாரை எங்கே நடணும் என்று சொல்ல அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது. அந்தக் குறிப்போடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையவழிப் புகார் வசதியிலோ, முதல்வரின் முகவரி 1100 எண்ணிலோ மனுக் கொடுங்க. “நாத்தம் தாங்கல” என்ற புகாரைவிட, “இந்த மாதம் ஆறு நாள், இரவு 11-லிருந்து 1 வரை, மேற்குக் காற்றில்” என்ற புகாருக்கு அதிகாரி சீக்கிரம் ஆள் அனுப்ப முடியும்.

மூன்று: உங்க பகுதியில் புதிதாகக் கருவி வைக்கிறாங்க என்றால், வார்டு கூட்டத்தில் நான்கு கேள்வி கேளுங்க. எந்த வாயுவை அளக்கும்? எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை? இதுவரை யாரும் பார்க்காத எந்தத் தெருவைப் பார்க்கும்? அளவு தாண்டினால் யார் போனில் மணி அடிக்கும்? நான்காவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மற்ற மூன்றும் வீண். சென்சார் பார்த்தும் சைரன் அடிக்காவிட்டால் குப்பத்துக்கு என்ன லாபம்?

நான்கு: ஆபத்து நேரத்துக்கான தயாரிப்பு. அம்மோனியா நெடி வந்தால், துணியைத் தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் மூடுங்க. அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், அதனால் ஈரத்துணி ஓரளவு காப்பாற்றும். காற்று போகும் திசையிலேயே ஓடாதீங்க, வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் விலகி, அப்புறம் காற்று வரும் பக்கம் போங்க. கண் எரிந்தால் நல்ல தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்க. ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசரத்துக்கு 112, தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. போனில் ‘டிஎன் அலர்ட்’ செயலியையும் வைத்துக்கோங்க. இந்த எண்களைப் போனில் மட்டும் வைக்காமல், கதவுக்குப் பின்னால் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்க. பாட்டிக்கும் தெரியணும்.

கடைசியாக ஒன்று. பெரியகுப்பத்து மக்கள் அன்றைக்கு இரவு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி எழுப்பினாங்க. ஒருத்தர் எழுந்து அடுத்தவரை எழுப்பி, அப்படியே தெரு முழுக்கப் போயிருக்கு. எந்தக் கருவி வந்தாலும் அந்தப் பழக்கத்தை விடாதீங்க. ஆனால் கதவைத் தட்டும் வேலை, மூக்கு எரிந்த பிறகு தொடங்கக் கூடாது. இரண்டரை நிமிடத்துக்கு முன்னாடி தொடங்கணும். அதற்குச் சரியான இடத்தில் ஒரு சென்சார் வேணும். அந்த இடம் எது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவங்க யாரும் இல்லை. குறித்து வைங்க, கேளுங்க, காட்டுங்க.